தார் வேண்டாம் என்ற ரோடு: கியாந்தி மலையில் சைக்கிள் பயணம்



கிராம சபையில் நாம் கொடுக்கிற மனுக்களை எண்ணிப் பாருங்கள். குடிதண்ணீருக்கு அடுத்தது ரோடுதான். "எங்க ஊருக்கு தார் ரோடு போட்டுக் குடுங்க" என்று எழுதாத குழு உண்டா? ஆனால் இத்தாலி நாட்டில் ஒரு மலைப் பகுதியில், "இந்த ரோட்டுக்கு மட்டும் தார் போட்டுடாதீங்க" என்பதற்காகவே 1997-ஆம் ஆண்டு 92 பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். பழைய சைக்கிள், பழைய கம்பளிச் சட்டை, போகிற வழியெல்லாம் வெள்ளைத் தூசி. இதென்ன கூத்து என்று நமக்குத் தோன்றும். இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் அதே ரோட்டில் சைக்கிள் ஓட்ட ஆயிரக்கணக்கானவர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். அந்தப் பகுதியின் பெயர் கியாந்தி. அந்தப் பயணத்தின் பெயர் எரோயிகா.

மலையோர ஊர்களில் உள்ள குழுக்களில் "நம்ம ஊருக்கும் சுற்றுலாக்காரங்க வருவாங்களா, தங்குறதுக்கு வீடு வச்சு நடத்தலாமா" என்ற பேச்சு அவ்வப்போது வருகிறது. அப்படி வருகிற பணம் யார் கைக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள கியாந்தி நல்ல உதாரணம். அதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

இரண்டு ஊர்ச் சண்டையும் ஒரு சேவலும்

இத்தாலியின் நடுப்பகுதியில் டஸ்கனி என்று ஒரு மாநிலம். அதில் ஃபிளாரன்ஸ், சியெனா என்று இரண்டு பழைய நகரங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள குன்றுகள்தான் கியாந்தி. நம் மேற்குத் தொடர்ச்சி மலை போல உயரம் கிடையாது. மிக உயர்ந்த இடமே 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சமதளமும் கிடையாது. ஏறினால் இறக்கம், இறங்கினால் ஏற்றம். சரிவுகளில் திராட்சை, ஒலிவ மரங்கள். மேலே போகப் போக ஓக், செஸ்ட்நட் மரக் காடு. ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஒரு கல் கட்டடம். கோட்டையாக இருக்கும், அல்லது கோயிலாக, இல்லாவிட்டால் பத்து இருபது வீடுள்ள ஊராக இருக்கும்.

ஏன் இத்தனை கோட்டை? இரண்டு நகரங்களும் பல நூறு ஆண்டு எல்லைச் சண்டை போட்டவை. அதற்கு ஒரு கதையும் சொல்கிறார்கள். "இரண்டு ஊரிலிருந்தும் விடியற்காலை சேவல் கூவியதும் ஒரு குதிரைக்காரன் கிளம்பட்டும். இருவரும் சந்திக்கும் இடமே எல்லை" என்று முடிவானதாம். சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள். ஃபிளாரன்ஸ்காரர்கள் கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடிவதற்கு முன்பே கூவிவிட்டது. அந்தக் குதிரைக்காரன் முன்னதாகக் கிளம்பி, சியெனாவுக்குப் பக்கம் வரை வந்துவிட்டான். கதைதான். ஆனால் அந்தப் பகுதித் திராட்சை மது பாட்டில்களில் இன்றைக்கும் கருப்புச் சேவல் முத்திரைதான் இருக்கிறது.

கயோலே, ராடா, காஸ்தெல்லினா என்ற மூன்று ஊர்களும்தான் பழைய கியாந்தி. 1716-லேயே டஸ்கனியை ஆண்ட பிரபு "இந்த எல்லைக்குள் விளைந்ததற்குத்தான் கியாந்தி என்ற பெயர்" என்று ஆணை போட்டுவிட்டார். நம் ஊரில் இப்போது புவிசார் குறியீடு என்கிறோமே, அதற்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்தக் குறியீடு 2023-ல்தான் கிடைத்தது.

திராட்சை என்றதும் நமக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் ஞாபகம் வரும். அதுவும் இதுவும் வேறு. கம்பத்தில் பந்தல் போட்டு, கவாத்து செய்யும் நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கியாந்தியில் பனிக்காலத்தில் கொடி தூங்கிவிடும். மார்ச் கடைசி, ஏப்ரலில் துளிர்க்கும். செப்டம்பர், அக்டோபரில் ஒரே ஒரு அறுவடை. கொடியைப் பந்தலில் ஏற்றாமல் வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டியிருப்பார்கள். தரம் கெடக்கூடாது என்று ஏக்கருக்கு ஏறத்தாழ 3 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக்கூடாது என்றுகூட விதி உண்டு. நம்ம பக்கம் விளைச்சல் இதைவிடப் பல மடங்கு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாராயத்தால் குடும்பம் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தவர்கள் நம் குழுக்களில் எத்தனையோ பேர். ஆகவே மது என்று எழுதும்போதே நமக்குச் சங்கடம்தான். அங்கே அது விவசாய விளைபொருள், சாப்பாட்டோடு சேர்ந்தது என்பது அவர்கள் வழக்கம். அதற்காக அதைப் புகழ வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நாம் பார்க்க வந்தது அந்த ஊர்க்காரர்களின் வருமானக் கணக்கைத்தான்.

அரைவாரத்தில் கிடந்த ஊர்

இன்றைக்குப் படங்களில் பார்த்தால் கியாந்தி சொர்க்கம் மாதிரி இருக்கும். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் அது ஏழைகளின் ஊர். நிலமெல்லாம் பெரிய குடும்பங்களுடையது. கயோலே பக்கத்தில் இருக்கும் ப்ரோலியோ கோட்டை 1141-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்றால் பாருங்கள். உழைத்தவர்கள் வாரத்துக்கு உழைத்தார்கள். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழைத்தவருக்கு. அந்த முறைக்கு மெத்ஸத்ரியா என்று பெயர். நம் அரைவாரம்தான், வேறொன்றும் இல்லை.

அந்தக் குடும்பங்கள் தோட்டத்தின் நடுவே ஒரு கல் வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தன. கீழே மாட்டுக்கொட்டில், மேலே மனிதர்கள். ஆண்களில் மூத்தவர் நிலக்காரரோடு கணக்குப் பேசுவார். பெண்களில் மூத்தவரை மஸ்ஸாயா என்பார்கள். அடுப்படி, கோழி, முட்டை, காய்கறிக் கொல்லை எல்லாம் அந்த அம்மாவின் பொறுப்பு. முட்டை விற்ற சில்லறைதான் பெண்கள் கையில் புழங்கிய காசு. அதிலும் குறிப்பிட்ட எண்ணிக்கை முட்டையும் கோழியும் நிலக்காரர் வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் நிலக்காரரிடம் சம்மதம் கேட்க வேண்டிய நிலையும் பல இடங்களில் இருந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நகரங்களில் தொழிற்சாலைகள் வந்தன. 1950-களிலும் 60-களிலும் இளையவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். பாதி விளைச்சலுக்காக யார் மலையில் கிடப்பார்கள்? முதலில் போக விரும்பியவர்களில் பெண்களும் உண்டு. ஏனென்றால் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் மருமகளாகப் போக யாரும் ஆசைப்படவில்லை. 1964-ல் இனிமேல் புதிதாக அரைவார ஒப்பந்தம் போடக்கூடாது என்று சட்டமே வந்தது. அதற்குள் வீடுகள் காலி. கூரை இடிந்தது, தோட்டத்தில் முள் மண்டியது.

அப்போது வெளியே போய் வர இருந்தவை அந்த வெள்ளை ரோடுகள். சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் கலந்த கப்பி ரோடு. அதனால்தான் வெள்ளை. வெயிலில் மாவு போலத் தூசி பறக்கும். மழையில் பசை போல ஒட்டும். பெரிய ரோடுகளுக்கெல்லாம் தார் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த சின்ன ரோடுகளும் ஒன்றொன்றாகத் தாருக்குள் போய்க்கொண்டிருந்தன. இப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்தவர் கயோலேயைச் சேர்ந்த ஜியான்கார்லோ ப்ரோக்கி. அவர் தொடங்கியதுதான் 1997-ல் நடந்த அந்த 92 பேர் பயணம்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். ஊருக்குப் பஸ் வருகிற ரோடு, ஆம்புலன்ஸ் வருகிற ரோடு எல்லாம் அங்கே தார் ரோடுதான். அது கிடைத்த பிறகுதான் பின்னால் இருக்கிற சின்ன ரோட்டைக் கப்பியாகவே வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு. பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிப் போகிற ஊருக்கு இந்தக் கதையைச் சொல்லி "உங்களுக்கு எதுக்குத் தார் ரோடு, மண் ரோடுதான் அழகு" என்று யாராவது சொன்னால், நம் மனுவை நாம் விடக்கூடாது.

பழைய சைக்கிள், புதிய கூட்டம்

எரோயிகாவில் கலந்துகொள்ள ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. சைக்கிள் 1987-லோ அதற்கு முன்போ செய்ததாக இருக்க வேண்டும். தாத்தா காலத்து சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். தூரம் அவரவர் சக்திக்கு ஏற்றபடி. 46 கிலோமீட்டரும் உண்டு, 209 கிலோமீட்டரும் உண்டு. நீண்ட தூரக்காரர்கள் இருட்டோடு கிளம்புவார்கள். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் மரங்கள் அடர்ந்த வழியில் ஓரமாக விளக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். நம் ஊர்க் கார்த்திகை மாதிரி.

வழியில் நிறுத்தி நிறுத்திச் சாப்பாடு போடுவார்கள். பாக்கெட்டில் அடைத்த சத்துமாவு உருண்டை கிடையாது. ரிபொல்லித்தா என்று ஒன்று. பெயருக்கு அர்த்தமே 'மறுபடி கொதிக்க வைத்தது'. முந்தின நாள் பீன்ஸ், கீரைச் சாற்றில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுநாள் சூடு பண்ணுவது. ஆடு மேய்த்தவர்களும் வாரத்துக்கு உழுதவர்களும் வேறு வழியில்லாமல் சாப்பிட்டது. ஏழை வீட்டுப் பழையதுக்கு இன்று வரிசையில் நிற்கிறார்கள். நம் பழைய சோற்றை இப்போது நட்சத்திர ஓட்டலில் மண் சட்டியில் வைத்து விற்பதைப் பார்க்கிறோமே, அதே கதை.

இந்தப் பயணம் ஒரு நாள் கூத்தாக முடியவில்லை என்பதுதான் முக்கியம். அந்த 209 கிலோமீட்டர் வழி முழுவதும் நிரந்தரமாக வழிகாட்டிப் பலகை வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும், எந்த மாதமும், தனியாகக்கூட வந்து ஓட்டலாம். திருவிழா ஒரு நாள் வருமானம் தரும். பலகை ஆண்டு முழுவதும் தரும். 2007-ல் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் இதே வெள்ளை ரோடுகளில் தொடங்கியது. 2015-லிருந்து பெண்களுக்கும் தனிப் பந்தயம் நடக்கிறது. சியெனா நகரத்துக்குள் நுழையும் கடைசித் தெரு செங்குத்தாக ஏறும். அங்கே வீராங்கனைகள் எழுந்து நின்று மிதிப்பதைப் பார்க்க ஊரே சுவரோரம் நிற்கும்.

பெண்களும் சைக்கிளும் என்றால் புதுக்கோட்டையை மறக்க முடியுமா? 1991, 92-ல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களைப் பார்த்து ஊர் சிரித்தது, பிறகு வாயை மூடிக்கொண்டது. இத்தாலியில் அதற்கு அறுபது எழுபது ஆண்டு முன்பே ஒருத்தி இருந்தாள். பெயர் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா. ஏழை விவசாயக் குடும்பம். 1924-ல் இத்தாலியைச் சுற்றி வரும் ஆண்களின் பெரிய பந்தயத்தில் 33 வயதில் கலந்துகொண்டார். மொத்தம் 3,600 கிலோமீட்டருக்கும் மேல். ரோடெல்லாம் மண். ஒரு நாள் மழையிலும் காற்றிலும் விழுந்து ஹேண்டில்பார் உடைந்தபோது, விளக்குமாற்றுக் கம்பைச் செருகிக்கொண்டு ஓட்டி வந்தார் என்று சொல்வார்கள். நேரம் தாண்டிவிட்டது என்று கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் நிற்கவில்லை. 90 பேர் கிளம்பிய அந்தப் பந்தயத்தில் கணக்கில் முடித்தவர்கள் 30 பேர்தான். அவர்களோடு அல்ஃபோன்சினாவும் மிலான் நகரம் வரை ஓட்டி முடித்தார்.

மலை சைக்கிள் எப்படி ஏறுகிறது?

எரோயிகாவுக்குப் பழைய சைக்கிள். மற்ற நாட்களில் வருபவர்கள் பலர் கொண்டு வருவது மலை சைக்கிள். காட்டுக்குள் இருக்கும் பழைய கோவேறு கழுதைப் பாதைகளில் போக இதுதான் சரி. நம் ஊர்ப் பையன்களும் இப்போது கியர் சைக்கிள் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். அதில் என்ன விசேஷம் என்று பார்ப்போமா?

இது பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாவில். 1970-களில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய் மண் பாதையில் இறக்கி விளையாடினார்கள். கீழே வருவதற்குள் பின் சக்கர பிரேக் சூடாகி, உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையிலிருந்துதான் பிரேக், கியர், சட்டம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் புதிய சைக்கிள் வந்தது. 1996-ல் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள், ஆண் பெண் இருவருக்கும் ஒரே ஆண்டில். பெண்கள் தங்கப் பதக்கம் இத்தாலியைச் சேர்ந்த பாவ்லா பெத்ஸோவுக்கு. 2000-லும் அவருக்கே.

முதல் விஷயம் கியர். நம் சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை சுற்று சுற்றும். சமதளத்தில் நல்லது. ஆனால் மேட்டில்? இறங்கித் தள்ள வேண்டியதுதான். மலை சைக்கிளில் முன்னால் 32 பல் இருந்தால், பின்னால் 50 பல் வரை பெரிய சக்கரம் இருக்கும். அதற்கு மாற்றிவிட்டால் ஒரு சுற்று மிதிக்கும்போது பின் சக்கரம் முக்கால் சுற்றுகூடப் போகாது. வேகம் நடக்கிற வேகம்தான். ஆனால் காலுக்குப் பாரம் தெரியாது. கிணற்றில் ஒரே குடத்தில் முழுத் தண்ணீரையும் இழுப்பதற்குப் பதில் சின்னச் சின்னச் சொம்பாக இழுப்பது மாதிரி. வேலை அதேதான், தடவை அதிகம்.

இரண்டாவது டயர். ரேஸ் சைக்கிளில் மெல்லிய டயரில் 80, 100 பவுண்டு காற்று கல் மாதிரி அடைப்பார்கள். இதில் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம், 25, 30 பவுண்டு காற்று போதும். டயர் கொஞ்சம் அமுங்கிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். கப்பியில் வழுக்காது. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருப்பதால் குழியில் விழுந்தாலும் தோள்பட்டைக்கு அடி வராது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. வெள்ளைக் கப்பி உருளும். வளைவுக்கு உள்ளே போய் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சறுக்கி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். பெடல் இரண்டும் சமமாக, உடம்பு கொஞ்சம் பின்னால். கேரியரில் ரேஷன் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து இறங்கியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது மோட்டார் வைத்த சைக்கிளும் நிறைய வருகிறது. மிதித்தால்தான் மோட்டார் உதவும். ஐரோப்பாவில் மணிக்கு 25 கிலோமீட்டர் தாண்டினால் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. இது வந்த பிறகு ஐம்பது, அறுபது வயதுப் பெண்களும் கியாந்தி மேடுகளில் சைக்கிளில் போகிறார்கள்.

பணம் யார் கைக்கு வருகிறது?

பஸ்ஸில் வரும் சுற்றுலாக்காரரைப் பாருங்கள். மத்தியானம் இறங்குவார். படம் எடுப்பார், கழிப்பறை எங்கே என்று கேட்பார், ஒரு பொம்மை வாங்குவார், சாயங்காலம் நகரத்து ஓட்டலுக்குப் போய்விடுவார். ஊருக்குக் குப்பை மிச்சம். சைக்கிளில் வருகிறவர் அப்படிப் போக முடியாது. அவருக்குப் பசிக்கும். மூட்டை தூக்க முடியாததால் போகிற இடத்தில்தான் வாங்குவார். நாற்பது கிலோமீட்டர் மேடு ஏறிய பிறகு பக்கத்தில் எங்கே படுக்கை கிடைக்கிறதோ அங்கேதான் தங்குவார். அதாவது பெரிய ஊருக்கு இல்லாமல் சின்ன ஊருக்குக் காசு வரும்.

அவர்களுக்குத் தேவையானது பெரிய ஆடம்பரம் இல்லை. சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு அறை. சேற்றைக் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப். வியர்வைத் துணியைத் துவைத்துக் காயப்போட இடம். விடியற்காலையில் வயிறு நிறையச் சாப்பாடு, வழிக்குக் கட்டுச்சோறு. அடுத்த ஊரில் தங்கும் இடத்துக்குப் பையைக் கொண்டுபோய் வைக்க ஒரு வண்டி. இதைச் சரியாகச் செய்கிற வீட்டைத் தேடித்தான் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள்.

ஆனால் யார் வேண்டுமானாலும் ஓட்டல் கட்டிவிட்டால்? அதற்குத்தான் இத்தாலியில் 1985-ல் ஒரு சட்டம் வந்தது. அக்ரிதுரிஸ்மோ என்பார்கள், பண்ணை வீட்டுச் சுற்றுலா. 2006-ல் அதைத் திருத்திப் புதிய சட்டம் போட்டார்கள். அதன் சாரம் இதுதான்: தங்க வைப்பது விவசாயி மட்டுமே. விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தாளி வருமானம் அதற்குத் துணை. புதுக் கட்டடம் எழுப்பாமல், இருக்கிற பழைய பண்ணை வீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். சாப்பாடு போட்டால் அதில் சொந்தப் பண்ணை, அக்கம்பக்கப் பண்ணைகளில் விளைந்தது குறிப்பிட்ட பங்கு இருக்க வேண்டும். விவசாயத்தை விட்டுவிட்டு விருந்தாளியை மட்டும் வைத்துப் பிழைத்தால் அனுமதி போய்விடும்.

இதனால் நடந்தது என்ன? இடிந்து கிடந்த கல் வீடுகளுக்குக் கூரை வந்தது. மாட்டுக்கொட்டில் விருந்தாளி அறையானது. மஸ்ஸாயா செய்துகொண்டிருந்த அதே சமையல், அதே கோழி, அதே காய்கறிக் கொல்லை, ஆனால் இப்போது அது வீட்டு வேலை இல்லை, வருமானம். பண்ணைகளில் பலவற்றைப் பெண்கள் தங்கள் பெயரிலேயே நடத்துகிறார்கள். முட்டைச் சில்லறைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நாம் நன்றாகவே புரிந்துகொள்வோம்.

பழைய கட்டடத்தை இடிக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வோல்பாயா என்ற சின்ன ஊரைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையான கோட்டை ஊர். அங்கே மதுப் பண்ணைக்காரர்கள் புதுத் தொழிற்கூடம் கட்டவில்லை. பழைய கோயில், பழைய வீடு ஆகியவற்றுக்குள்ளேயே பீப்பாய்களை வைத்தார்கள். பெரிய எஃகுத் தொட்டியை வாசல் வழியே கொண்டுபோக முடியாமல் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கி, மறுபடி ஓடு போட்டார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெருவுக்கு அடியில் குழாய் பதித்திருக்கிறார்கள். மேலே நடந்து போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கல் தெரு, கல் சுவர், ஜன்னலில் பூந்தொட்டி, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம்

எல்லாம் நல்லதாகவே சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும். காலியான வீடுகளை முதலில் கண்டுபிடித்தவர்கள் சைக்கிள்காரர்கள் இல்லை. 1960-களிலிருந்தே இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாட்டுப் பணக்காரர்கள் வந்து மலிவாக வாங்கினார்கள். ஆங்கிலேயர் அதிகமாகி, அந்த இடத்துக்கு 'கியாந்திஷயர்' என்று கேலிப் பெயரே வந்துவிட்டது. வீட்டு விலை ஏறியது. வாரத்துக்கு உழுத குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் ஒரு வீடு வாங்க முடியாத நிலை. சட்டம் ஓட்டலைத் தடுத்தது. வீடு கைமாறுவதைத் தடுக்கவில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்குத்தான் சுற்றுலாப் பணமும் முதலில் போகிறது. பெரிய கோட்டைக்காரருக்குப் பெரிய பங்கு. கவாத்துக்கும் அறுவடைக்கும் குனிகிற முதுகுகள் இன்று பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுடையது. விருந்தாளிகள் எடுக்கும் படத்தில் அவர்கள் முகம் வருவது குறைவு.

வெள்ளை ரோட்டையும் சும்மா வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு மழைக்கும் ஓரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும். தண்ணீர் ரோட்டின் நடுவில் ஓடினால் இரண்டு நாளில் வாய்க்கால் ஆகிவிடும். புதுக் கப்பி கொட்டிச் சமப்படுத்த வேண்டும். தார் போட்டால் சில ஆண்டு கவலையில்லை; கப்பி ரோடு ஆண்டுக்கு ஆண்டு ஆள் கேட்கும். கோடையில் ஒரு கார் போனால் வெள்ளைத் தூசி கொடியிலும் கொடியில் காயும் துணியிலும் படியும். காட்டுப்பன்றித் தொல்லை வேறு. நம் மலையோர ஊர்களில் போலவே அங்கேயும் பழுக்கும் நேரத்தில் பன்றி இறங்கிவிடும். மின் வேலி போடுகிறார்கள். பனிக்காலத்தில் வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்த நாட்களில் காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து.

வருகிறவர்களுக்கும் ஊர்க்காரர்கள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். திராட்சை வரிசைக்குள் சைக்கிளை விடக்கூடாது. பழத்தைப் பறிக்கக்கூடாது. ஈர மண்ணில் டயர் பதிந்தால் அந்தப் பள்ளத்தில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடி மண்ணை அரித்துவிடும் என்பதால், கனமழைக்கு அடுத்த நாள் காட்டுப் பாதைகளைத் தவிர்க்க வேண்டும்.

அக்டோபர் கூட்டம் கலைந்ததும் ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். நவம்பரில் ஒலிவக் காய் பறிப்பு. மரத்தடியில் வலை விரித்து, சிறு கைவாரியால் கிளையைக் கோதி உதிர்ப்பார்கள். அன்றைக்கு அன்றைக்கே செக்குக்குப் போக வேண்டும், வைத்திருந்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். விருந்தாளி அறைகளைப் பூட்டிவிட்டு வீட்டிலுள்ள எல்லோரும் மரத்தடிக்குப் போகிற மாதம் அது. ஜனவரியிலிருந்து கவாத்து. ஒவ்வொரு கொடியாகக் கையால் வெட்ட வேண்டும், விரல் மரத்துப்போகும் குளிர். மார்ச் மாதம் பந்தயக்காரர்கள் வெள்ளை ரோட்டில் போய் முடிந்த சில வாரங்களில் கொடிகளில் துளிர் தெரியும். அறைகளைத் திறந்து, மெத்தையை வெயிலில் போட்டு, காற்றடிக்கும் பம்புக்கு எண்ணெய் விட்டு வைப்பார்கள்.